"பைனலுக்குச் சரிவராதவன்" என்று முத்திரை குத்த உங்களிடம் என்ன கணக்கு இருக்கிறது?



பதிவு கொஞ்சம் நீளம். கிரிக்கெட் பிடிக்காதவர்கள் கடைசிப் பகுதியையாவது வாசியுங்கள். அது உங்கள் பிள்ளைகளைப் பற்றியது.

இரண்டு வாரமாக நம்மட பக்கத்து வட்ஸ்அப் குழுமங்களில் ஒரே வசனம்தான் சுற்றுகிறது: "அவன் நல்ல போலர்தான், ஆனா பைனலுக்குச் சரிவர மாட்டான்." மென்பந்துச் சுற்றுப்போட்டி ஒன்றின் கடைசி ஓவரில் அடி வாங்கிய ஒரு பொடியனைப் பற்றிய பேச்சு இது. அவன் பெயரையோ கழகத்தின் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. ஏற்கனவே அவன் படத்தைப் போட்டுச் சிரித்தவர்கள் போதும். அடுத்த சுற்றுப்போட்டிக்கு அவனை எடுப்பதில்லை என்று முடிவாம். காரணம் கேட்டால், "ஸ்டெட்ஸ் பாருங்க சேர், மூன்று பைனல் போட்டிருக்கான், மூன்றிலும் அடி" என்கிறார்கள்.

அவனுக்காகப் பேச வந்த சிலரோ, "கணக்கெல்லாம் கிரிக்கெட்டுக்குச் சரிவராது, கண்ணால பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்று எழுதியிருந்தார்கள்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். இந்த இரண்டு கட்சியும் பிழை என்பதுதான் என் வாதம். நெருக்கடி நேரத்தில் ஒருவன் என்ன செய்தான் என்பதைக் கணக்கால் அளக்கலாம், நன்றாகவே அளக்கலாம். ஆனால் அவன் நெஞ்சுக்குள் நெருக்கடியைத் தாங்கும் குணம் ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதை மூன்று பைனலை வைத்து யாராலும் அளக்க முடியாது. நடந்த காரியம் வேறு, ஆளின் குணம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத்தான் ஒரு பொடியனின் விளையாட்டை முடிக்கப் பார்க்கிறீர்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த ஒரு மனிதரை எடுப்போம். லசித் மலிங்க.

2007 மார்ச் 28, கயானா. உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு வெற்றி பெற 4 ஓட்டம்தான் தேவை, கையில் 5 விக்கெட். மலிங்க அடுத்தடுத்த நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுத்தார். அதற்கு முன் சர்வதேசக் கிரிக்கெட்டில் யாரும் செய்யாதது. நெருக்கடிப் பந்துவீச்சு என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் மெட்ச் தோல்வி. தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டால் வென்றது.

2012 ஒக்டோபர் 7, கொழும்பு பிரேமதாச மைதானம். டி20 உலகக் கிண்ண இறுதிப்போட்டி, சொந்த மண், சொந்தச் சனம். மலிங்க 4 ஓவரில் 54 ஓட்டம் கொடுத்தார், ஒரு விக்கெட்டும் இல்லை. மேற்கிந்தியத் தீவுகளின் மொத்தமே 137. நாம் 36 ஓட்டத்தால் தோற்றோம்.

2014 ஏப்ரல் 6, மிர்பூர். அதே கிண்ணத்தின் இறுதிப்போட்டி. மலிங்கதான் தலைவர். கடைசி 4 ஓவரில் இந்தியா எடுத்தது 19 ஓட்டம்தான். கிண்ணம் நம்முடையது.

2019 மே 12, ஹைதராபாத். ஐபிஎல் இறுதிப்போட்டி. மும்பை 149. சென்னைக்குக் கடைசி ஓவரில் 9 ஓட்டம் வேண்டும். பந்து மலிங்கவின் கையில். 7 ஓட்டம்தான் கொடுத்தார், கடைசிப் பந்தில் தாக்கூரை எல்பிடபிள்யூ செய்தார், மும்பை ஒரு ஓட்டத்தால் வென்றது.

இப்போது சொல்லுங்கள். மலிங்க பைனலுக்குச் சரிவருகிற ஆளா, சரிவராத ஆளா? 2012 இரவு நம்மட வட்ஸ்அப் குழுமங்கள் இருந்திருந்தால் அவருக்கு என்ன பெயர் வைத்திருப்பீர்கள்? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு 2014 இல் அவரை வீட்டில் இருத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

2019 பைனலை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஸ்கோர் அட்டையில் மலிங்கவின் கணக்கு 4 ஓவர், 49 ஓட்டம், 1 விக்கெட். மும்பை அணியில் அன்று ஆகக் கூடுதலாக ஓட்டம் கொடுத்தவர் அவர்தான். அவரது மூன்றாவது ஓவரில் மட்டும் 20 ஓட்டம் போனது. ஆட்ட நாயகன் விருது 14 ஓட்டம் மட்டும் கொடுத்து 2 விக்கெட் எடுத்த பும்ராவுக்குப் போனது, அது நியாயமானதும்தான். ஒரு ஓட்டத்தால் முடிந்த மெட்ச்சில் ஒவ்வொரு ஓட்டமும் ஒரே விலை. 16 ஆவது ஓவரில் போன ஓட்டமும் ஓட்டம்தான், 20 ஆவது ஓவரில் தடுத்த ஓட்டமும் ஓட்டம்தான்.

"அப்ப கடைசி ஓவருக்கு ஒரு மதிப்பும் இல்லையா சேர்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை அளக்க வழியும் இருக்கிறது. டிவியில் "வெற்றி வாய்ப்பு 70 சதவீதம்" என்று ஓடுகிறதே, அதுதான் அந்த வழி. இத்தனை பந்து, இத்தனை விக்கெட், இத்தனை ஓட்டம் மிச்சம் என்ற நிலையில் இருந்த பழைய மெட்ச்களைத் திரட்டி, அவற்றில் எத்தனையை துரத்திய அணி வென்றது என்று பார்ப்பது. ஒரு பந்துக்கு முன் 70, பின் 40 என்றால் அந்தப் பந்தின் எடை 30. இந்தத் தராசில் போட்டால் மலிங்கவின் கடைசிப் பந்துக்குத் தங்கத்தின் எடை வரும், 16 ஆவது ஓவருக்குப் பெரிய பள்ளம் வரும். இரண்டும் உண்மை. ஆனால் அந்தத் தராசு நிறுப்பது நடந்த சம்பவத்தை. மலிங்கவின் நெஞ்சை அல்ல.

இதே விஷயம் துடுப்பாட்டத்திலும் உண்டு. சங்கக்காரவை எடுங்கள். 2007, 2009, 2011, 2012 என்று இலங்கை நான்கு இறுதிப்போட்டிகளில் தோற்றது. நான்கிலும் அவர் ஆடினார். "நம்மட ஆக்களுக்கு பைனல் ஆடத் தெரியாது" என்று ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் பேசினோம். கணக்கைப் பாருங்கள்: 2007 இல் 54, 2009 இல் ஆட்டமிழக்காமல் 64, 2011 இல் 48, 2012 இல் 22. நான்கிலும் சேர்த்து 188 ஓட்டம், மூன்று முறைதான் ஆட்டமிழந்தார். ஒருநாளையும் டி20யையும் கலந்து சராசரி எடுப்பது முறையில்லை, அதனால் பிரித்தே சொல்கிறேன். ஒருநாள் இறுதிப்போட்டி இரண்டிலும் சராசரி 51. அவரது ஒருநாள் வாழ்நாள் சராசரி 42க்குச் சற்றுக் குறைவு. பைனலில் தோற்கிறவர் என்ற முத்திரையை நாம் குத்தியது, பைனலில் வழமையைவிட நன்றாக ஆடிய ஒரு மனிதருக்கு! பிறகு 2014 இல் 35 பந்தில் ஆட்டமிழக்காமல் 52 அடித்து ஆட்ட நாயகன் ஆனதும் அதே வாய்கள் "பெரிய மெட்ச் ஆடுற ஆள்" என்றன.

2011 இல் மஹேல ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார். உலகக் கிண்ண இறுதிப்போட்டியில் சதம் அடித்தும் தோற்ற முதல் ஆள் அவர்தான். அவரை எந்தப் பெட்டிக்குள் போடுவீர்கள்?

அந்த 2014 இரவு மறுபக்கத்தில் இன்னொருவர் நின்றார். யுவராஜ் சிங். 21 பந்தில் 11 ஓட்டம். இந்தியாவின் தோல்விக்கு அவர்தான் காரணம் என்று அந்த நாடே ஏசியது. மூன்று வருடத்துக்கு முந்திய உலகக் கிண்ணத்தில் 362 ஓட்டமும் 15 விக்கெட்டும் எடுத்துத் தொடர் நாயகன் ஆனவர் அவர். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான காலிறுதியை ஆட்டமிழக்காமல் 57 எடுத்து முடித்துக் கொடுத்தவரும் அவரே. இடையில் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்தவர். 2011 இல் அவரிடம் இருந்த குணம் 2014 இல் எங்கே ஓடியது? எங்கேயும் ஓடவில்லை. சில பந்து பட்டது, சில பந்து படவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். கஷ்டமில்லை, சாதாரண தரப் பிள்ளைக்கும் விளங்கும்.

32 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஐந்து தரம் நாணயம் சுண்டட்டும். ஐந்தும் தலை விழ 32 இல் ஒரு வாய்ப்பு. ஐந்தும் பூ விழவும் அதே 32 இல் ஒன்று. ஆகவே சராசரியாக ஒரு பிள்ளைக்கு ஐந்தும் தலை, இன்னொரு பிள்ளைக்கு ஐந்தும் பூ. முதல் பிள்ளையைத் தோளில் தூக்கி "நெருக்கடி வீரன்" என்று பேனர் அடிப்பீர்களா? மற்றப் பிள்ளையை "பயந்தாங்கொள்ளி" என்று வெளியே நிறுத்துவீர்களா? நாணயத்துக்கு ஏது நெஞ்சு? மூன்று தரம் என்றால் எட்டுப் பேரில் ஒருவருக்கு மூன்றும் பூ விழும். நம்மட கரையோரத்தில் பைனலில் பந்து போடுகிற பொடியன்மார் எத்தனை பேர்? அதில் எட்டில் ஒருவனுக்கு மூன்றும் பிழைப்பது அதிசயமா?

துடுப்பாட்டத்தில் சிதறல் இன்னும் கூட. ஒரு நல்ல ஆட்டக்காரரின் ஓட்டங்களை வரிசையாக எழுதிப் பாருங்கள்: 0, 71, 12, 4, 93, 30. அவரது சராசரி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவுக்கே ஏற்ற இறக்கமும் இருக்கும். சராசரி 36 உள்ள ஒருவர் 9 இறுதிப்போட்டிகள் ஆடினார் என்று வையுங்கள். 9 இன் வர்க்கமூலம் 3. 36 ஐ மூன்றால் பிரித்தால் 12. நெருக்கடி அவரை ஒரு துளியும் பாதிக்காவிட்டாலும் அந்த ஒன்பதின் சராசரி 24 ஆகவோ 48 ஆகவோ வருவது சர்வ சாதாரணம். 24 வந்தால் நீங்கள் அவரைக் கோழை என்பீர்கள், 48 வந்தால் வீரன் என்பீர்கள். ஆள் ஒருவரேதான். ஒன்பது பைனல் ஆடுகிற அதிர்ஷ்டமே எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

இதைவிடப் பெரிய அளவில் கணக்குப் பார்த்தவர்கள் அமெரிக்க பேஸ்போல்காரர்கள். அங்கே ஒரு ஆட்டக்காரர் ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான தரம் துடுப்பெடுக்கிறார். 1977 இல் ரிச்சர்ட் கிரேமர் என்பவர் ஒரு எளிய கேள்வி கேட்டார்: 1969 இல் நெருக்கடி நேரத்தில் சிறப்பாக அடித்தவர்கள் 1970 இலும் அப்படியே அடித்தார்களா? அப்படி ஒரு தொடர்ச்சி அவருக்குத் தெரியவில்லை. உண்மையான குணம் என்றால் அடுத்த வருடமும் தலைகாட்ட வேண்டும் அல்லவா? அன்றிலிருந்து கணக்குக்காரர் பலர் "அப்படி ஒரு குணமே இல்லை" என்று எழுதத் தொடங்கினார்கள்.

கால் நூற்றாண்டுக்குப் பிறகு, பேஸ்போல் கணக்கின் தந்தை போன்ற பில் ஜேம்ஸ் அதற்கும் ஒரு தடை போட்டார். இரண்டு வருடத்தின் மங்கலான கணக்குகளை ஒப்பிட்டு ஒன்றும் தெரியவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்று ஆகாது என்றார். நம்மட பாஷையில் சொன்னால், மாரி மழை மூட்டத்தில் தோணி தெரியவில்லை என்பதற்காகக் கடலில் தோணியே இல்லை என்று சொல்லக் கூடாது. அதையும் ஏற்கிறேன். நெருக்கடியைத் தாங்கும் குணம் சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வைத்தே அந்த மூட்டத்துக்குள் துலக்கமாகப் பார்க்க முடியவில்லை. மூன்று மெட்ச்சை வைத்துக்கொண்டு கரையில் நின்று "அந்தா தெரியுது" என்று கை காட்டுகிறீர்களே, உங்களுக்கு அப்படி என்ன கண்?

"கண்ணால பார்த்தோம் சேர், அவன்ட கை நடுங்கினது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நடுங்கியிருக்கும். யாருக்கு நடுங்காது? நெருக்கடி உண்மை, பயம் உண்மை. நடுங்கின கையோடு வென்றவர்களை நாம் உற்றுப் பார்ப்பதில்லை, தோற்றவன் கையைத்தான் பார்க்கிறோம். யோர்க்கர் விழுந்திருந்தால் அதே கையை "உறுதியான கை" என்றிருப்பீர்கள். முடிவு தெரிந்த பிறகு பார்க்கிற கண் சாட்சிக்கு உதவாது.

இன்னும் இரண்டு விஷயம், நம்மட "ஸ்டெட்ஸ்" காரர்கள் மறந்தவை.

ஒன்று, பைனலில் எதிரே நிற்பது நல்ல அணி. லீக் மெட்ச்சில் கடைசிக் கழகத்துக்குப் போட்ட ஓவரையும் பைனலில் சம்பியன் கழகத்துக்குப் போட்ட ஓவரையும் அருகருகே வைத்து "பைனலில் விழுந்துவிட்டான்" என்றால் அது கணக்கே இல்லை. பைனலில் பெரும்பாலான போலர்மாருக்கு ஓட்டம் கூடத்தான் போகும்.

இரண்டு, கடைசி ஓவரை யாரிடம் கொடுக்கிறார்கள்? அணியில் ஆக நம்பிக்கையான ஆளிடம். ஆகவே கடைசி ஓவரில் தோற்றவர்களின் பட்டியலில் நல்ல போலர்மாரின் பெயர்கள்தான் இருக்கும். "எனக்கு வேணாம் கெப்டன்" என்று எல்லைக்கோட்டில் போய் நின்றவனின் கணக்கு வெள்ளையாக இருக்கும். அவன் ஒரு பைனலையும் தோற்கவில்லை, ஏனென்றால் ஒரு பைனலிலும் போடவில்லை. நீங்கள் தண்டிப்பது பந்தை வாங்கிய பொடியனை. இதைப் பார்த்து வளர்கிற அடுத்த பொடியன்மார் எதைப் படிப்பார்கள்? கடைசி ஓவர் கேட்காமல் இருப்பதுதான் புத்தி என்று.

அப்படியானால் கணக்கே வேண்டாமா? வேண்டும், இப்போது வைத்திருப்பதைவிடக் கூட வேண்டும். கழகத் தலைவர்மாருக்கு என் கோரிக்கை இதுதான். பைனலை மட்டும் எண்ணாதீர்கள். எல்லா மெட்ச்சிலும் கடைசி நான்கு ஓவரைப் பந்துக்குப் பந்து ஸ்கோர் புத்தகத்தில் எழுதுங்கள். மூன்று ஓவரை வைத்துப் பேசாமல் நாற்பது, ஐம்பது ஓவர் சேர்ந்த பிறகு பேசுங்கள். 14 ஓட்டம் காக்கப் போட்ட ஓவரையும் 5 ஓட்டம் காக்கப் போட்ட ஓவரையும் தனித்தனியாக எழுதுங்கள். வைட் எத்தனை, புல்டோஸ் எத்தனை, நினைத்த இடத்தில் விழுந்த யோர்க்கர் எத்தனை என்று எண்ணுங்கள், ஏனென்றால் அவைதான் போலரின் கையில் உள்ளவை. ஓரத்தில் பட்டு நான்கு போனதும், பீல்டர் பிடி விட்டதும் அவன் கையில் இல்லை. இப்படி எழுதினால் பெரும்பாலும் தெரியவருவது "பயம்" அல்ல, "ஈரப் பந்தில் யோர்க்கர் வழுக்குது" என்பது போன்ற ஒன்று. அதற்கு மருந்து உண்டு. அஸருக்குப் பிறகு ஒரு வாளித் தண்ணீரில் பந்தை நனைத்து இருபது யோர்க்கர் போட்டுப் பழகலாம். "நெஞ்சில்லை" என்ற தீர்ப்புக்கு மருந்து கிடையாது, அவமானம் மட்டும்தான் உண்டு.

குசல் பெரேராவை நினைத்துப் பாருங்கள். 2019 பெப்ரவரி, டர்பன் டெஸ்ட். இலக்கு 304. 226க்கு 9 விக்கெட் போய்விட்டது. விஷ்வ பெர்ணாண்டோ மறுமுனையில் 6 ஓட்டத்தோடு நின்றுகொடுக்க, 78 ஓட்ட இணைப்பில் 67 ஐக் குசலே அடித்து, ஆட்டமிழக்காமல் 153 எடுத்து வென்று கொடுத்தார். அதற்கு முன் அவரது டெஸ்ட் கணக்கில் இருந்தது ஒரே ஒரு சதம். அந்த ஒன்பதாவது விக்கெட் விழுந்த நேரம் அவரது ஸ்டெட்ஸைப் பார்த்து யாராவது "இவர் முடித்துக் கொடுப்பார்" என்று சொல்லியிருக்க முடியுமா? அரவிந்தவுக்கு 1996க்கு முன் இருந்த பட்டப்பெயர் "மேட் மெக்ஸ்". பொறுப்பில்லாமல் அடிக்கிறவர் என்று அர்த்தம். பிறகு லாகூரில் ஆட்டமிழக்காமல் 107, மூன்று விக்கெட், உலகக் கிண்ணம். பட்டப்பெயரை நம்பி அர்ஜுன அவரை நான்காம் இடத்திலிருந்து இறக்கியிருந்தால் நமக்கு அந்த மார்ச் 17 கிடைத்திருக்குமா?

இதற்காக ஒரு ஆசிரியர் ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். ஏனென்றால் இதே வசனத்தை நான் வகுப்பறை வாசலிலும் கேட்கிறேன். "இவள் வகுப்பில கெட்டிக்காரி சேர், பரீட்சைக்குத்தான் சரிவராத புள்ள." தரம் 5 புலமைப்பரிசில், ஒரே நாள், 200 புள்ளி. வெட்டுப்புள்ளிக்கு ஒன்று மேலே எடுத்த பிள்ளைக்குப் பேனர், ஒன்று கீழே எடுத்த பிள்ளைக்கு "நெருக்கடி தாங்காத புள்ள" என்ற பட்டம். அந்த ஒரு புள்ளி காய்ச்சலாக இருக்கலாம், நித்திரை இல்லாத இரவாக இருக்கலாம், பிழையாக வாசித்த ஒரு வினாவாக இருக்கலாம். அந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்துக் காட்ட எந்தக் கணிதத்தாலும் முடியாது. பாடசாலைக்கு எடுக்க ஒரு கோடு கீற வேண்டியிருக்கிறது, சரி. அந்தக் கோட்டை ஏன் பிள்ளையின் நெற்றியில் கீறுகிறீர்கள்? பத்து வயதில் கேட்ட பட்டத்தைப் பிள்ளை நம்பிவிடுகிறது. பிறகு சாதாரண தரத்துக்குப் போகும்போது உண்மையிலேயே கை நடுங்குகிறது. இல்லாத குணத்தை நாமே உண்டாக்கிவிட்டு, "அப்பவே சொன்னேனே" என்கிறோம்.

யூகத்தில் ஒரு மனிதரைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வந்து, மூன்று ஓவரை வைத்து ஒரு பிள்ளையின் நெஞ்சைப் பற்றி நானூறு பேர் கொண்ட குழுமத்தில் தீர்ப்பு எழுதுவது எந்த வகை நியாயம்?

சம்மாந்துறை, வீரமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், எங்கே ஆடினாலும் எல்லாக் கழகத்துக்கும் சொல்கிறேன். தோற்ற மெட்ச்சைப் பற்றிப் பேசுங்கள், எத்தனை வைட் என்று கேளுங்கள், கெப்டன் பீல்டிங் வைத்தது பிழை என்று சண்டை பிடியுங்கள். அதெல்லாம் நடந்த காரியம், அளக்கலாம். ஆனால் "இவன் இப்படிப்பட்டவன்" என்று சொல்லுமுன் உங்கள் ஸ்கோர் புத்தகத்தைத் திறந்து ஐம்பது ஓவர் காட்டுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தப் படத்தை அழித்துவிட்டு, பந்தை அவன் கையில் கொடுத்து "போடு மனே" என்று சொல்லுங்கள்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதலாம். கணக்கோடு வாருங்கள். பொடியனின் பெயரையோ கழகத்தின் பெயரையோ எழுதினால் அந்தக் கொமெண்டை நீக்கிவிடுவேன்.